படப்புத்தகத்தை வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவருதல்: முதன்முறை செய்பவர்களுக்கு

நல்ல சிறுவர் படப்புத்தகம் ஒன்றின் படங்களைத் திரையில் மெல்ல நகரவிட்டு, தமிழில் கதை சொல்லி, பிள்ளைகள் வீட்டில் பார்க்கும்படி செய்ய விரும்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்து நவாலியில் எங்கள் சனசமூக நிலைய வாசிகசாலைக்கு வரும் பிள்ளைகளை மனதில் வைத்து இந்த வேலையில் இறங்கினேன். முதல் காணொளிக்கு நான்கு மாதம் உழைத்தேன். எல்லாம் முடிந்த பிறகுதான் பதிப்பகத்துக்கு எழுதினேன். முடியாது என்று பதில் வந்தது. ஒரு பிள்ளைக்கும் காட்டாமல் அதை அழித்தேன். இரண்டாவது காணொளி ஆறு வாரத்தில் முடிந்தது. எனக்குத் திறமை கூடிவிடவில்லை, வேலையின் வரிசையை மாற்றியிருந்தேன். முதலில் உரிமை, பிறகு குரல், கடைசியில் படம். பார்க்க ஆசையாக இருப்பது படம் என்பதால் எல்லோரும் படத்தில்தான் தொடங்குகிறார்கள். தயவுசெய்து அப்படித் தொடங்காதீர்கள்.

1. கையில் இருக்கும் டிவிடியைச் சோதியுங்கள்

கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர்கள் படப்புத்தக டிவிடிகளை அனுப்பியிருந்தால் அவற்றை எறிந்துவிட வேண்டாம். நம் வீட்டில் அவை ஓடாததற்குக் காரணம் பெரும்பாலும் வலய எண், அதாவது எந்த நாடுகளின் கருவிகளில் அந்த டிவிடி ஓடலாம் என்று குறிக்கும் எண். அமெரிக்காவும் கனடாவும் வலயம் 1, மேற்கு ஐரோப்பா வலயம் 2, இலங்கையும் இந்தியாவும் வலயம் 5. எல்லா வலயங்களையும் ஏற்கும் டிவிடி கருவியில் போட்டுப் பாருங்கள். மடிக்கணினியில் போட்டால் "வலயத்தை மாற்றவா" என்று கேட்கும். யோசிக்காமல் சம்மதிக்காதீர்கள். பெரும்பாலான கணினி டிரைவ்களில் வலயத்தை ஐந்து முறைதான் மாற்றலாம். அதன் பிறகு கடைசியாக வைத்த வலயத்திலேயே அது நின்றுவிடும்.

இந்த டிவிடிகளை நான் பாடநூலாகப் பார்த்தேன். மோர்ட்டன் ஷிண்டல் 1953 இல் அமெரிக்காவில் தொடங்கிய வெஸ்டன் வூட்ஸ் நிறுவனத்தின் படங்கள் கிடைத்தால் கட்டாயம் பாருங்கள். புத்தகத்தின் ஓவியத்தை அப்படியே வைத்து, கமராவை மட்டும் அதன் மேல் ஊரவிட்டுக் கதை சொல்லும் முறையை அங்கே கற்கலாம். ஒலியை நிறுத்திவிட்டு ஒரு முறை பாருங்கள். ஒரு படத்தில் கமரா எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது, எத்தனை வினாடி அசையாமல் இருக்கிறது என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த டிவிடியின் மேலேயே தமிழ்க் குரல் பதித்துப் பகிரக் கூடாது. புத்தகத்தின் உரிமை ஒருவருக்கு, அந்தப் படத்தின் உரிமை இன்னொருவருக்கு. இரண்டும் உங்களுடையவை அல்ல.

2. எந்தப் புத்தகம் என்பதை ஆசைப்பட்டு அல்ல, கணக்குப் பார்த்து முடிவு செய்யுங்கள்

இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படைத்தவர் வாழும் காலமும் அவர் இறந்த பின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. அந்த 70 ஆண்டும் முடியும் ஆண்டின் கடைசி நாள்வரை ஓடும். ஆகவே இறந்த ஆண்டோடு 71 ஐக் கூட்டுங்கள். அந்த ஆண்டின் ஜனவரி முதலாம் திகதியிலிருந்து படைப்பு எல்லோருக்கும் பொது.

பியாட்ரிக்ஸ் பாட்டர் 1943 இல் இறந்தார். 2014 முதல் அவருடைய முயல் கதைகள் இங்கே பொது. வாண்டா காக் 1946 இல் இறந்தார். அவர் 1928 இல் வெளியிட்ட பூனைக் கதை 2017 முதல் இங்கே பொது, அமெரிக்காவிலும் 2024 முதல் பொது. அந்தக் கதையின் கறுப்பு வெள்ளை ஓவியங்கள் இரண்டு பக்கங்களுக்குக் குறுக்கே ஓடுகின்றன. கமராவை இடமிருந்து வலமாக நகர்த்திப் பழக இதைவிட நல்ல புத்தகத்தை நான் காணவில்லை. இன்னும் பழையதாக வேண்டுமானால் 1886 இல் இறந்த ராண்டால்ஃப் கால்டிகொட்டின் படங்கள் இருக்கின்றன.

மறுபக்கம், மொரிஸ் சென்டாக் 2012 இலும் எரிக் கார்ல் 2021 இலும்தான் இறந்தார்கள். எஸ்ரா ஜாக் கீட்ஸ் இறந்தது 1983 இல். இவர்களின் புத்தகங்களை எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். நான் நான்கு மாதத்தைத் தொலைத்தது இப்படிப்பட்ட ஒரு புத்தகத்தில்தான்.

நம் வீட்டு முற்றத்திலேயே ஒரு புதையல் இருக்கிறது. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் 1953 இல் மறைந்தார். 2024 முதல் அவருடைய பாடல்கள் பொது. ஆடிப்பிறப்புப் பாடலும் கத்தரி வெருளியும் படப்புத்தகமாக விரிக்கவென்றே பாடியவை போல இருக்கின்றன. கூழ், கொழுக்கட்டை, தோட்டத்தின் நடுவே நிற்கும் வெருளி என்று வரிக்கு வரி காட்சி. நான் இரண்டாவதாகச் செய்தது கத்தரி வெருளி.

பலர் விழும் பள்ளங்களையும் சொல்கிறேன். எழுதியவரும் வரைந்தவரும் வேறு வேறு ஆட்கள் என்றால் இருவருக்கும் தனித்தனியே கணக்குப் பாருங்கள். புலவரின் பாட்டு பொது என்பதற்காக, பாடநூலில் அதற்குப் பிற்காலத்தில் யாரோ வரைந்த படம் பொதுவாகிவிடாது. பழைய ஆங்கிலக் கதையின் புதிய தமிழ் மொழிபெயர்ப்புக்கும் தனி உரிமை உண்டு. நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துச் சிறுவர் நூல்கள் பல வாசிக்கக் கிடைக்கின்றன. கிடைப்பது வேறு, காணொளியாக மாற்றும் உரிமை வேறு. அந்த நூலாசிரியர்களில் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். நேரில் போய்க் கேட்டால் மகிழ்ந்து சம்மதிப்பவர்களும் உண்டு.

கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு இந்தியாவின் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. அங்கே தமிழ்ப் படப்புத்தகங்கள் ஏராளம். பெரும்பாலானவை கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் இருப்பதால் மாற்றலாம், குரல் சேர்க்கலாம், பகிரலாம். பதிலுக்கு அவர்கள் கேட்பது ஒன்றுதான்: எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர், பதிப்பகம், உரிமத்தின் பெயர், நீங்கள் செய்த மாற்றம் ஆகியவற்றைக் காணொளியில் காட்ட வேண்டும். ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் உரிம விவரம் இருக்கும். அதை முதலில் வாசியுங்கள். முதன்முறை செய்பவர்கள் இங்கே தொடங்குவதே நல்லது.

3. அனுமதிக் கடிதம்

உரிமை உள்ள புத்தகம்தான் வேண்டும் என்றால், ஸ்கேன் செய்வதற்கு முன்பே எழுதுங்கள். கடிதத்தில் நூலின் பெயர், எழுதியவர், வரைந்தவர், பதிப்பு ஆண்டு, பின்னட்டையில் உள்ள ஐஎஸ்பிஎன் இலக்கம், எந்த மொழியில் குரல், எத்தனை நிமிடம், எத்தனை பிரதி, எங்கே காட்டப்போகிறீர்கள், பணம் வாங்குவீர்களா, எத்தனை ஆண்டுகளுக்கு அனுமதி வேண்டும் ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். "பிள்ளைகளுக்காகச் செய்கிறோம்" என்ற ஒரு வரியில் எதையும் தீர்மானிக்க அவர்களால் முடியாது. என் முதல் கடிதம் அப்படித்தான் இருந்தது. எட்டு வாரம் பதிலே இல்லை. விவரங்களோடு இரண்டாவது கடிதம் போட்ட பிறகுதான், திரை உரிமையை ஏற்கெனவே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. மொழிபெயர்ப்பு உரிமையும் திரை உரிமையும் வேறு வேறு. ஒன்றைக் கேட்டால் மற்றது சேர்ந்து வராது.

இரண்டு மாதம் பொறுங்கள், ஒரு முறை நினைவூட்டுங்கள், பதில் இல்லையென்றால் வேறு புத்தகத்துக்குப் போங்கள். மௌனம் சம்மதம் என்ற பழமொழி இங்கே செல்லாது.

நீங்கள் செய்யும் காணொளிக்குப் பதிப்புரிமை "பதிந்து தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். இலங்கையில் பதிப்புரிமை பதிவு இல்லாமலே கிடைக்கிறது.

பதிப்பகத்தோடு முடிந்துவிடாது, உள்ளூரிலும் கையொப்பம் வாங்க வேண்டும். கதை சொல்பவர், ஓவியர், இசை வாசிப்பவர் ஒவ்வொருவரிடமும் அரைப்பக்கச் சம்மதக் கடிதம் பெறுங்கள். சிறுவரின் குரல் சேர்ந்தால் பெற்றோரின் கையொப்பம் வேண்டும். தெரிந்தவர்தானே என்று விட்டுவிடாதீர்கள். பின்னர் மனக்கசப்பு வராமல் காப்பது அந்தத் தாள்தான்.

4. நம் பிள்ளைக்கு விளங்கும் தமிழ்

தமிழ்நாட்டுத் தமிழில் உள்ள கதையை நம் பிள்ளைகள் ரசிப்பார்கள், ஆனால் சில சொற்களில் தடக்கி நிற்பார்கள். பாட்டி என்பது அம்மம்மாவா அப்பம்மாவா என்று ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது. படத்தைப் பார்த்து முடிவு செய்து மாற்றினேன். பப்பாளியைப் பப்பாசி ஆக்கினேன், தர்பூசணியை வத்தகப்பழம் ஆக்கினேன். கதை நடக்கும் ஊரை மட்டும் மாற்றவில்லை. ஓவியத்தில் பனி கொட்டிக்கொண்டிருக்க, குரல் பனங்கூடலைப் பற்றிப் பேசினால் பிள்ளை எதை நம்பும்? செய்த சொல் மாற்றங்களைத் தாளில் எழுதி வையுங்கள், கடைசியில் காட்ட வேண்டிவரும்.

படத்தில் தெரிவதைச் சொல்லாதீர்கள். பூனை மரத்தில் இருப்பதை ஓவியம் காட்டும்போது "பூனை மரத்தில் இருந்தது" என்று நீங்களாக ஒரு வரி சேர்ப்பது பிள்ளையின் வேலையைப் பறிப்பதாகும்.

5. குரல்

படத்துக்குக் குரலைப் பொருத்துவது பெரும் பாடு. குரலுக்குப் படத்தைப் பொருத்துவது இலகு. என் முதல் காணொளியில் படங்களை முன்கூட்டியே அளந்து வைத்துவிட்டு, கதை சொன்னவரை "இன்னும் கொஞ்சம் கெதியாக" என்று ஐந்து இரவுகள் வருத்தினேன். அவருடைய இயல்பே போய்விட்டது. கத்தரி வெருளிக்கு அயல்வீட்டு அம்மம்மாவைத் தன் போக்கில் சொல்லச் சொன்னேன். நிமிடத்துக்கு எண்பது சொல்லுக்கு மேல் போகமாட்டார். அந்த நிதானத்தில்தான் பிள்ளைகள் படத்தைப் பார்க்கிறார்கள்.

இடம் சிறியதாக, துணி நிறைந்ததாக இருக்கட்டும். வெறும் சுவர் உள்ள விறாந்தை எதிரொலிக்கும். நாங்கள் உடுப்பு அலுமாரியைத் திறந்து வைத்து, பின்னால் மெத்தையைச் சாய்த்து, இடையில் அம்மம்மாவைக் கதிரையில் அமர்த்தினோம். மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்துங்கள். உடுப்பில் குத்தும் சிறிய மைக் ஒன்றை வாயிலிருந்து ஒரு சாண் கீழே பொருத்தினால் போதும்.

நேரம்தான் யாழ்ப்பாணத்தில் பெரிய பிரச்சினை. காலையில் பாண் வண்டியின் இசை, பகலில் காகம், மாலையில் ஐஸ்கிரீம் வாகனம், கோயில் ஒலிபெருக்கி. இரவு பத்து மணிக்குப் பிறகுதான் எங்களுக்கு அமைதி கிடைத்தது. நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாட்களிலும், திருவெம்பாவைக் காலத்து விடியற்காலையிலும் ஒலிப்பதிவை வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஊர்க் கோயிலின் கொடியேற்றத் திகதியையும் நாட்காட்டியில் பாருங்கள்.

பேசத் தொடங்குமுன் பத்து வினாடி வெறும் அமைதியைப் பதியுங்கள். ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இரைச்சலை நீக்க அந்தப் பத்து வினாடி தேவைப்படும். வாய் தடுமாறினால் நிறுத்த வேண்டாம். ஒரு முறை கை தட்டிவிட்டு, வரியின் தொடக்கத்திலிருந்து மீண்டும் சொல்லச் சொல்லுங்கள். பிறகு அலைவடிவத்தில் அந்தத் தட்டு கூராக எழுந்து நிற்கும், வெட்ட வேண்டிய இடம் உடனே தெரியும்.

இசை வேண்டுமானால் ஆள் வைத்து வாசித்துப் பதியுங்கள். பாட்டு பழையது என்றாலும் அதன் ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. இசை பயிலும் மாணவி ஒருவர் எங்களுக்கு வயலினில் மூன்று சிறு துண்டுகள் வாசித்துத் தந்தார். அவையே போதுமானதாக இருந்தன. பக்கத்துக்குப் பக்கம் இசை போட்டால் கதை மூழ்கிவிடும்.

6. படத்தை எடுத்தல்

திரையின் அகலம் 1920 புள்ளி. 20 சென்ரிமீற்றர் அகலப் பக்கத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தால் 2362 புள்ளி கிடைக்கும். முழுப் பக்கத்தைக் காட்ட அது போதும். ஆனால் பாதிப் பக்கத்தை நெருங்கிக் காட்டினால் 1181 புள்ளிதான் மிஞ்சும், படம் கலங்கும். ஆகவே 600 டிபிஐ என்று சொல்லிக் கேளுங்கள். போட்டோக் கொப்பிக் கடையில் கேட்காவிட்டால் குறைந்த அளவில்தான் எடுத்துத் தருவார்கள். பிடிஎப் ஆக வாங்காமல் டிஃப் அல்லது பிஎன்ஜி கோப்பாக வாங்குங்கள்.

தைத்த புத்தகத்தை ஸ்கேனரில் அழுத்தினால் முதுகு உடையும். வாசிகசாலைப் புத்தகத்துக்கு அதைச் செய்யவே கூடாது. கைபேசியைத் தாங்கியில் பொருத்தி, நேர் வெயில் படாத விறாந்தையில், காலை ஒன்பது பத்து மணி வெளிச்சத்தில் மேலிருந்து எடுங்கள். வழுவழுப்பான தாளில் யன்னல் பளிச்சென்று விழுந்தால் புத்தகத்தைச் சற்றுத் திருப்புங்கள். மின்விளக்கில் எடுப்பதானால் ஷட்டர் வேகத்தை நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு அல்லது நூறில் ஒரு பங்காக வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் மற்ற வேகங்களில் கருங்கோடுகள் விழக்கூடும்.

புதிதாக வரைவிப்பதானால், ஏ4 தாளைக் குறுக்காக வைத்து 28 சென்ரிமீற்றர் அகலம், 15.75 சென்ரிமீற்றர் உயரம் கொண்ட கட்டத்துக்குள் வரையச் சொல்லுங்கள். அது தொலைக்காட்சித் திரையின் அதே அளவு விகிதம். ஓவியர் ஆசையோடு ஏ3 தாளில் வரைந்துவிட்டால், சாதாரண ஸ்கேனரில் இரண்டாக எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும்.

7. கோர்த்தல்

காணொளி கோர்க்கும் மென்பொருள்களான ஷொட்கட், கேடென்லைவ் இரண்டும் இலவசம், சாதாரணக் கணினியிலும் ஓடும். கைபேசிச் செயலிகளில் செய்தால் மூலையில் அவர்களின் முத்திரை விழுகிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

குரல் முழுவதையும் முதலில் வரிசையாக வையுங்கள். பிறகு ஒவ்வொரு படத்தையும் அதற்குரிய குரலுக்கு இரண்டு வினாடி முன்னால் தொடங்குங்கள். பக்கம் புரண்டதும் பிள்ளையின் கண் முதலில் சுற்றிப் பார்க்க வேண்டும், அதற்குத்தான் அந்த இரண்டு வினாடி. ஒரு படத்தில் ஒரே ஓர் அசைவு. நெருங்குவது என்றால் நெருங்குவது மட்டும், நகர்வது என்றால் நகர்வது மட்டும். அசைவு முடிந்த பிறகு ஒரு வினாடியாவது படம் நிற்க வேண்டும். மூன்றில் ஒரு படம் முழுக்க அசையாமலே இருக்கட்டும். பக்கம் சுருளும், நட்சத்திரம் வெடிக்கும் வித்தைகள் மென்பொருளில் ஐம்பது இருக்கும். ஒன்றையும் தொடவேண்டாம்.

8. தமிழ் எழுத்து

நம் ஊரில் தட்டச்சு செய்பவர்கள் பலர் இன்றும் பாமினி எழுத்துருவில்தான் தருகிறார்கள். அதைக் காணொளி மென்பொருளில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறும். யூனிகோடுக்கு மாற்றிய பின் பயன்படுத்துங்கள். அப்படி மாற்றினாலும் சில மென்பொருள்களில் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து நிற்கும். லிப்ரே ஒஃபிஸில் எழுதி, பிஎன்ஜி படமாக ஏற்றுமதி செய்து, அந்தப் படத்தைக் காணொளியில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

தலைப்பில் நூலின் பெயரும் படைத்தவர்களின் பெயரும் வரட்டும். பதிப்புரிமை முடிந்த படைப்புக்கும் படைத்தவரின் பெயரைப் போடுங்கள், அது நாம் செலுத்த வேண்டிய மரியாதை.

9. தொலைக்காட்சி ஏற்கும் கோப்பு

என் முதல் சோதனையில் கோப்பு கணினியில் அழகாக ஓடியது, வாசிகசாலைத் தொலைக்காட்சியில் ஒலி மட்டும் வந்தது. காரணம், நான் படத்தை எச்.265 என்ற சுருக்க முறையில் சேமித்திருந்தேன். பழைய தொலைக்காட்சிகள் அதை ஏற்காது. எம்பி4 கோப்பு, எச்.264 படம், ஏஏசி ஒலி, நொடிக்கு 25 சட்டகம். இந்த நான்கையும் எழுதி ஒட்டி வையுங்கள். எட்டு நிமிடக் கதையை நொடிக்கு 5 மெகாபிட் அளவில் சேமித்தால் ஏறக்குறைய 300 எம்பி வரும்.

பென் டிரைவை ஃபாட்32 முறையில் ஃபோர்மாட் செய்யுங்கள். அதில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போக முடியாது, நமக்கு அந்தப் பயம் இல்லை. கோப்பின் பெயரைத் தமிழில் வைத்தால் சில தொலைக்காட்சிகளில் வெறும் கட்டங்களாகத் தெரியும். எண்ணால் பெயரிடுங்கள். டிவிடி கருவி மட்டும் உள்ள வீடுகளும் இருக்கின்றன. அவர்களுக்கு நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையான பால் (PAL) முறையில் டிவிடி எழுதிக் கொடுங்கள். காணொளிக் கோப்பைத் தட்டில் அப்படியே கொப்பி செய்தால் பல கருவிகளில் ஓடாது, டிவிடி எழுதும் மென்பொருளில் செய்ய வேண்டும்.

10. செலவும் நாளும்

கத்தரி வெருளிக்கு நான் கொடுத்தவை இவை. கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும் என்பதை மனதில் வையுங்கள்.

ஓவியருக்கு, 12 படம்: 12,000 ரூபாய்
ஸ்கேன், 12 தாள்: 960 ரூபாய்
சிறிய மைக்: 2,200 ரூபாய்
வயலின் வாசித்தவருக்குப் போக்குவரத்து: 1,500 ரூபாய்
32 ஜிபி பென் டிரைவ் இரண்டு: 3,600 ரூபாய்
வெற்று டிவிடி ஐந்து: 500 ரூபாய்

மொத்தம் 20,760 ரூபாய். ஸ்டோரிவீவர் நூலை எடுத்தால் ஓவியமும் ஸ்கேனும் இல்லை, எண்ணாயிரத்துக்குள் முடிக்கலாம். ஓவியர் கூலியை மட்டும் குறைக்கப் பார்க்காதீர்கள். பிள்ளை நூறு முறை பார்க்கப்போவது அவருடைய கையைத்தான்.

நாட்கணக்கில் ஓவியத்துக்கு மூன்று வாரம், ஒலிப்பதிவுக்கு மூன்று இரவு, கோர்க்க வேலை முடிந்த மாலைகளாகப் பத்து நாள், திருத்த ஒரு வாரம். ஓவியம் நடக்கும்போதே குரலைப் பதிந்துவிடலாம்.

11. முதல் காட்சி

எல்லோரையும் கூட்டிவைத்துக் காட்டுமுன், நான்கு வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடைப்பட்ட இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு ஒரு வீட்டில் காட்டுங்கள். திரையைப் பார்க்காமல் அவர்களின் முகத்தைப் பாருங்கள். எந்த இடத்தில் கண் விலகுகிறது என்று நேரத்தோடு குறியுங்கள். எங்களுக்கு 1 நிமிடம் 40 ஆவது வினாடியில் இரண்டு பிள்ளைகளும் வெளியே பார்த்தார்கள். அங்கே ஒரே படம் 22 வினாடி நின்றிருந்தது. அதைப் பிரித்து, வெருளியின் கிழிந்த சட்டையை நெருங்கிக் காட்டியதும் சரியாயிற்று.

புத்தகமோ, படங்களின் அச்சுப் பிரதியோ தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். காணொளி முடிந்ததும் பிள்ளைகள் அதைத்தான் கேட்பார்கள். சம்மதக் கடிதங்கள், உரிம விவரம், சொல் மாற்றப் பட்டியல், வெட்டாத குரல் பதிவு எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டு, தாள்களை ஒரு கோப்பில் இட்டு வாசிகசாலை அலுமாரியில் வையுங்கள். இரண்டாவது பென் டிரைவ் உங்கள் வீட்டில் இருக்கட்டும்.